ஊசி உருட்டினால் ஒரு வாரம் அடுப்பு கூடாது

போன மாதம் ஒரு மதியம் லாவண்யா போன் செய்தாள். திருப்பதியில் நான் வேலை பார்த்த தோல் கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருக்கும் நர்ஸ் அவள். குரலில் பதற்றமும் சிரிப்பும் கலந்திருந்தன.

“அக்கா, இங்க ஒரு பேஷண்ட் சண்டை போட்டுக்கினு இருக்காங்க. ட்ரீட்மெண்ட் முடிஞ்சதும் ஒரு பேப்பர் குடுப்போமே, அதுல மூணாவது வரி. ‘ஒரு வாரம் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது. கேஸ் அடுப்பும் அடுப்புதான்.’ நான் நிக்கலைன்னா யாரு நிப்பாங்க, உங்க டாக்டரம்மா வந்து நிப்பாங்களான்னு கேக்குறாங்க. யாருக்கா எழுதினது இது?”

“மேடத்தைக் கேளேன்.”

“கேட்டேன். சிரிச்சிக்கினே ‘தேசம்மாவ அடுகு’ன்னுட்டாங்க.”

தேசம்மா நான்தான். என்னையே கேட்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அந்த வரியை எழுதியது அவர் கை. எழுத வைத்தது நான் செய்த ஒரு தப்பு. போனில் லாவண்யாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடியது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்ததால் எனக்கு மெதுவாகப் பேச வராது. சித்தூரில் நர்சிங் படித்துவிட்டு, அங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டில் பதினோரு வருஷம் இருந்தேன். அந்த வார்டுக்கு என் தொண்டை பொருத்தமாக இருந்தது. அப்புறம் கணவருக்குத் திருப்பதி பஸ் டிப்போவுக்கு மாற்றலாயிற்று. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை வைத்து டாக்டர் வசுந்தராவின் தோல் கிளினிக்குக்குப் போய் நின்றேன்.

அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

“ரக்தம் பார்த்தா பயமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பிரசவ வார்டு மேடம். வாளி வாளியா பாத்திருக்கேன்.”

“இங்க கடுகு அளவுதான் வரும். அதுதான் கஷ்டம். வாளிக்கு எப்போ நிறுத்தணும்னு எல்லாருக்கும் தெரியும். கடுகுக்குத் தெரியாது.”

இப்படித்தான் நான் முகத்தில் ஊசி உருட்டும் வேலைக்கு வந்தேன். வீட்டில் சொன்னதும் நைனா தறியை நிறுத்திவிட்டு, “ஊசியா? மூஞ்சியிலயா? காசு குடுத்து குத்திக்கினு போறாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் நெய்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

அந்தக் கருவி பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு உருளை வைத்திருப்பார்களே, அதன் குட்டி. உருளையைச் சுற்றிலும் முடி போல மெல்லிய சின்னச் சின்ன ஊசிகள். அதைத் தோலில் உருட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு பழுது பார்க்க ஓடிவரும். வந்த சூட்டில் பக்கத்தில் இருக்கும் பழைய பருப் பள்ளம், அம்மைத் தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிவிட்டுப் போகும். நாங்கள் செய்வது உடம்பைக் கூப்பிடுவது மட்டும். வேலை அதனுடையது. அதனால்தான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறு வாரமாவது இடைவெளி விடுவோம். கூப்பிட்டவர் வந்து வேலையை முடிக்க வேண்டாமா?

முதலில் சாத்துக்குடியில் பழகினேன். தோலின் எண்ணெய் மட்டும் பூக்க வேண்டும், சாறு கசியக் கூடாது. ஒரு வாரத்தில் கிளினிக்கில் எல்லாருக்கும் சாத்துக்குடி அலுத்துவிட்டது. எட்டாம் நாள் மேடம் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, இடது முன்கையை மேஜைமேல் நீட்டினார்.

“இப்போ இது.”

“உங்க கையிலயா மேடம்?”

“எவரோ ஒகரு கை கொடுக்கணும் இல்ல? பேஷண்ட் எந்துக்கு கொடுக்கணும்?”

எந்துக்கு என்றால் எதற்கு. அந்த அறையில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அது. மேடத்துக்குச் சொந்த ஊர் சித்தூர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே பாஷை. யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் மூன்று தடவை ‘எந்துக்கு’ கேட்பார். முதல் தடவை வரும் பதிலை எழுதிக்கொள்ள மாட்டார். இரண்டாவதற்குத் தலையாட்டுவார். மூன்றாவதாக வருவதுதான் நோட்டில் ஏறும். பருவோ, வாய்ப்புண்ணோ இருந்தால் ஆறிய பிறகு வா என்று அனுப்பிவிடுவார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது என்று ஓடி வருகிறவர்களுக்கும் அதே பதில்தான்: “கல்யாணம் பண்ணிக்கிட்டு வா. மாப்பிள்ளையும் பார்க்கட்டும்.” வரதய்யபாளையத்திலிருந்து ஒரு அம்மாள், ஆன்லைனில் வாங்கிய உருளையால் தன் கன்னத்தை உருட்டிக்கொண்டு, அதையே வீட்டுக்காரரின் வழுக்கையிலும் உருட்டிவிட்டு, இரண்டு பேருமாகச் சிவந்துபோய் வந்தார்கள். மேடம் அந்த உருளையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, இருவருக்கும் ஒரே சீட்டில் மருந்து எழுதினார். ஒரு உருளை ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரே தடவைக்கு. அதில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அப்போது கண் தழும்பின் மேல் இருக்காது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டேன். “கண்ணு பயப்படும். விரலுக்கு நிஜம் தெரியும்” என்றார்.

வேலை நடக்கும் முறை இதுதான். முதலில் போட்டோ. எப்போதும் அதே ஜன்னல், அதே நாற்காலி, சிரிக்கக் கூடாது. பிறகு முகம் கழுவி, மரத்துப்போகும் க்ரீமைப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைப்போம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் பேசுவார்கள். உதடு பாதி மரத்திருக்கும், ‘ப’ வராது, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் வரும். பிறகு க்ரீமைத் துடைத்து, மருந்தால் சுத்தம் செய்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் உருட்டுவது. மேலும் கீழும், இடமும் வலமும், பிறகு இரண்டு பக்கமும் சாய்வாக. ஒவ்வொரு தடவையும் உருளையைத் தூக்கிவிட்டுத்தான் திசை மாற்ற வேண்டும். தோலில் வைத்தபடி திருப்பினால் கோடு கிழிக்கும். மேடம் பக்கத்தில் நின்று “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று தெலுங்கில் எண்ணுவார்; மூடு என்றால் மூன்று. பனி இறங்கின மாதிரி சின்னச் சிவப்புப் புள்ளிகள் பூக்கும்போது எண்ணுவதை நிறுத்திவிடுவார். அதுதான் கடுகு. அதற்குமேல் ஒரு உருட்டல்கூடக் கிடையாது. குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியை முகத்தில் வைத்து, பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்புவேன். அன்றைக்குக் கண்ணாடி காட்ட மாட்டோம்.

அந்தப் பேப்பரில் அப்போது இரண்டே வரிகள்தான் இருந்தன. முகத்தில் வேறு எதையும் பூசக் கூடாது. வெயிலில் போகக் கூடாது.

நான் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். கோபாலன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் துண்டு. வலது காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கன்னம், தாடை, கழுத்து வரைக்கும் தீக்காயத் தழும்பு. கன்னத்தில் பள்ளம், தாடை ஓரத்தில் கயிறு போல மேடு. திருப்பதி ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் மடப்பள்ளிக் கைங்கரியம் அவருக்கு. நைவேத்தியம் தளிகை பண்ணுவது. ஒரு மாதம் அவர் முறை, அடுத்த மாதம் அவருடைய பெரியப்பா மகன் முறை.

மேடம் கேட்டார். “எந்துக்கு ஸ்வாமி?”

“சேவிக்க வரவாள்லாம் பாக்கறா.”

“எந்துக்கு?”

“க்ஷவரம் பண்ணிக்கறச்சே கத்தி மாட்டிண்டு ரத்தம் வரது.”

மேடம் தலையாட்டினார். “எந்துக்கு?”

அவர் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“என் தம்பி, முகுந்தன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் மடப்பள்ளில இருந்தோம். ரெண்டு வருஷம் முன்னாடி, பொங்கலுக்கு நெய் காய்ச்சி எடுத்துண்டு திரும்பினான். கை வழுக்கிடுத்து. அவன் வேணும்னு பண்ணலை. அன்னியோட மடப்பள்ளிய விட்டுட்டான். நாயுடுபேட்டைல ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கான். தீபாவளிக்கு வந்தா தலையைக் குனிஞ்சுண்டே சாப்பிட்டுட்டு, குனிஞ்சுண்டே பஸ் ஏறிடறான். என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறான் டாக்டர். இது போயிடுத்துன்னா பாப்பான்.”

மேடம் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

“தோலுக்கு நான் வைத்தியம் பண்றேன் ஸ்வாமி. தம்பிக்குப் பண்ண எனக்குத் தெரியாது. இதுவும் முழுசா போகாது. பாதிக்கு மேல குறைஞ்சா சந்தோஷம். சரேனா?”

“பாதி போதும்” என்றார் அவர்.

முதலில் தாடை மேட்டில் மாதம் ஒரு ஊசியாக மூன்று மாதம் மருந்து போட்டு அதைத் தட்டையாக்கினார் மேடம். மேடான தழும்பில் உருளையை வைக்கவே கூடாது. அதற்குப் பிறகு உருட்டும் முறை வந்தபோது கோபாலனுக்கு ஒரு கவலை. துளி ரத்தம் வந்தாலும் மடப்பள்ளிக்குள் போகக் கூடாது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இரண்டு நாளில் தோல் மூடிக்கொள்ளும் என்றோம். இருந்தாலும் எதற்கு வம்பு என்று, பெரியப்பா மகனின் முறை ஆரம்பிக்கும் முதல் நாளாகப் பார்த்துத் தேதி வைத்துக்கொண்டோம். ஆறு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் ஒரு தடவை. மேடம் சரி என்றார்.

முதல் தடவை நன்றாகப் போனது. அவருக்கு வலியே தெரியவில்லை. மரத்த வாயால் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே படுத்திருந்தார். இரண்டாவது தடவைக்கு வரும்போதே பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தது. மேடம் ஜன்னலைப் பார்த்தபடி அழுத்திவிட்டு, “இளகுது” என்றார். கிளினிக்கே குதூகலமாக இருந்தது.

அந்த இரண்டாவது தடவை முடிந்த ஐந்தாம் நாள் காலையில் போன் அடித்தது. கோபாலன். பெரியப்பா மகன் படியில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது.

“சிஸ்டர், மடப்பள்ளிக்கு ஆளில்லை. நான்தான் போயாகணும். காயம் மூடிடுத்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? உள்ள போகலாமா?”

வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் உள்ளே ஒருவருக்கு மச்சம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“அஞ்சு நாள் ஆயிடுச்சே சாமி. எப்பவோ மூடிக்கினு இருக்கும். தாராளமா போங்க.”

அவர் கேட்டது ரத்தத்தைப் பற்றி. நான் சொன்னதும் ரத்தத்தைப் பற்றி. அந்த மடப்பள்ளியில் எரிவது விறகு அடுப்பு, பொங்கல் அண்டாவுக்குமேல் முகத்தை நீட்டி மணிக்கணக்கில் கிளற வேண்டும் என்பதை இரண்டு பேருமே பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மெல்ல எடுத்தார். உருட்டிய இடம் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. தழும்பு முன்னே இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நம்முடைய மாநிறத் தோலில் ஊசிக்குப் பிறகு சூடு பட்டால் இப்படித்தான் கறுக்கும்.

மேடம் கட்டைவிரலால் அழுத்தினார். ஜன்னலைப் பார்த்தார்.

“எப்போ அடுப்புக்குப் போனீங்க ஸ்வாமி?”

“அஞ்சாம் நாள். சிஸ்டரக் கேட்டுண்டுதான் போனேன்.” என்மேல் குற்றம் சொல்லும் எண்ணமே அவரிடம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. பூசுவதற்கு மருந்து எழுதினார். கறுப்பு போகும், ஆனால் நாலைந்து மாதம் ஆகும், அதுவரைக்கும் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, அப்புறம்தான் மூன்றாவது தடவை என்றார். கோபாலன் எழுந்து நின்றார்.

“அத்தனை மாசம் எப்படி டாக்டர்? அண்ணா காலைக் கட்டிண்டு படுத்திருக்கார். பெருமாள் பட்டினி கெடப்பாரா?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

கதவு மூடியதும் நான் சொன்னேன். “மேடம், நான்தான் போகச் சொன்னேன். உங்களைக் கேக்காம சொல்லிட்டேன்.”

“தெலுசு.”

“திட்டிடுங்க மேடம்.”

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே பேப்பர்.

“சத்தமா படி. உனக்குத்தான் குரல் இருக்கே.”

படித்தேன். எதையும் பூசக் கூடாது. வெயிலில் போகக் கூடாது.

“இதுல அடுப்பு எக்கட இருக்கு? நான் எழுதலை. எழுதாததை நீ எப்படி சொல்லுவே?” பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “தேசம்மா, இவர் ஒருத்தர்தானா அடுப்பு முன்னால நிக்கிறவர்?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அவர்களில் சிலருக்கு இதே மாதிரி கறுத்தது. வெயிலில் போனீர்களா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். நாங்கள் நம்பவில்லை.

அன்று மத்தியானம் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கறுத்துப்போய் வந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். ஒரு அம்மா, “வெயில்ல எங்கம்மா போனேன்? வீட்டிலதான் இருந்தேன். அன்னிக்கி சாயங்காலமே விருந்தாளி வந்துட்டாங்க, பூரி சுட்டேன்” என்றார். இன்னொருவர் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறவர். கங்காதர நெல்லூரிலிருந்து வந்து போன ஒரு டீச்சர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “சிஸ்டர், நீங்க வெயில்னுதானே சொன்னீங்க. அடுப்புன்னு சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரை நிக்க வெச்சிருப்பேனே!”

மேடம் பேனாவை எடுத்தார். தெலுங்கில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. ‘ஒரு வாரம் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது.’ படித்துப் பார்த்தேன்.

“மேடம், கேஸ் அடுப்புதானேன்னு போயிடுவாங்க.”

‘கேஸ் அடுப்பும் அடுப்புதான்’ என்று சேர்த்தார்.

அந்த வரி செய்த வேலை இருக்கிறதே! அதற்கப்புறம் பல மாதங்கள் எங்கள் கிளினிக் போனில் ஆண் குரல்கள் வந்தன. உப்புமாவுக்குத் தண்ணீர் ஒன்றுக்கு எத்தனை என்று ஒருவர். தாளிக்கும்போது கடுகு முகத்தில் தெறிக்கிறது, அதற்கு ஏதாவது க்ரீம் உண்டா என்று ஒருவர். கண்டக்டர் ஒருவர் தன் மனைவியை முகம் நன்றாக ஆன பிறகும் இன்னொரு தடவை உருட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். காரணம் கேட்டால், “இப்பத்தான் மேடம் எனக்கு சாம்பார் கைக்கு வந்திருக்குது” என்றார். மேடம் மூன்று ‘எந்துக்கு’ கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் கோபாலனுக்கு அந்த வரி மட்டும் போதாது. அவர் இடத்தில் நிற்க ஆள் வேண்டும். அந்தக் கோயிலின் தளிகை முறை தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது, ஒருவருக்கு முகம் கறுத்திருந்தது. மிச்சமிருந்தது தம்பி. அண்ணன் தானாகக் கூப்பிட மாட்டார் என்பது அவர் பேசியதிலேயே தெரிந்தது.

அவருடைய பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: முகுந்தன், தம்பி. கீழே நம்பர். இரண்டு வருஷமாக முகம் பார்க்காத தம்பியைத்தான் அவசரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். மேடத்திடம் காட்டினேன்.

“இது எமர்ஜென்சிதானா மேடம்?”

“ஆளு இல்லாம பெருமாளுக்கு அன்னம் இல்ல. இதுக்கு மேல ஏம் எமர்ஜென்சி? செய்.”

செய்தேன். முகுந்தன் எடுத்தார். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதும் அவர் பதறிவிட்டார்.

“அண்ணாக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை தம்பி. நல்லாதான் இருக்காரு. முகத்துக்கு வைத்தியம் பண்ணிக்கினு இருக்கோம். அடுப்பு கிட்ட போனதுல கொஞ்சம் கறுத்துப்போச்சி. இன்னும் நாலஞ்சி மாசம் அவரு அடுப்பு முன்னால நிக்கக் கூடாது. பெரியப்பா மகனுக்கு காலு உடைஞ்சி கிடக்குது. நீங்க வரணும்.”

“நானா?” என்றார். பிறகு, “என்னால முடியாதும்மா. அந்த நெய் உருளியத் தொட்டா கை நடுங்கறது. வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்கோ” என்றார்.

“வேற யாருக்கு அந்த முறை தெரியும்?”

லாரிக்காரரிடம் ‘சித்த இருங்கோ’ என்று அவர் சொல்வது கேட்டது.

“தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். அவரை அடுப்புக்கு அனுப்பினது நான்தான். போன்ல ஒரு வார்த்தை யோசிக்காம சொன்னேன், அவரு முகம் கறுத்துப்போச்சி. எனக்கும் அன்னிலேர்ந்து உருளையை எடுத்தா கை நடுங்குது. அதுக்காக நான் வேலைய விட்டுட்டு ஊட்டுக்கு போயிட்டா, அவரு முகத்தை யாரு சரிபண்றது?”

லாரிச் சத்தம் நின்றிருந்தது. “யோசிக்கறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மருந்து வாங்க கோபாலன் வந்தார். வாசலிலேயே பல் தெரிந்தது.

“வந்துட்டான் சிஸ்டர்! விடிகாலம்பர பஸ்ஸ விட்டு இறங்கி, நேரே குளத்துல குளிச்சுட்டு, மடப்பள்ளி வாசல்ல நின்னான். உள்ள காலை வைக்க அரை மணி ஆச்சு. நான் பிராகாரத்துல பத்தடி தள்ளி உக்காந்துண்டு, நெய்யக் கீழ இறக்கி வெச்சுட்டுத் திரும்புடா, வெல்லத்தை இப்போ போடுடான்னு கத்திண்டே இருந்தேன். குரல் போயிடுத்து.”

“தளிகை எப்படி இருந்துது சாமி?”

“வெண்பொங்கல்ல உப்பு இல்லை. பெருமாள் ஒண்ணும் சொல்லலை.”

மேடம் உள்ளே இருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. சத்தமாகச் சிரிக்காதவர் அவர்.

கறுப்பு மெல்ல மெல்ல விலகியது. அது முழுக்கப் போகும் வரைக்கும் மேடம் உருளையைத் தொடவிடவில்லை. ஐந்து மாதம் கழித்து மூன்றாவது தடவை உருட்டினோம். முகுந்தன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, உயரமான ஆள். வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவில்லை. உருளையை எடுத்தபோது என் கை இன்னும் நடுங்கியது. மேடம் வழக்கத்தைவிட மெதுவாக எண்ணினார். “மூடு” என்றதும் சிவப்புப் பூத்தது. உருளையைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நடுங்கவில்லை.

நாலாவது தடவையும் முடிந்து, கடைசிப் போட்டோ எடுக்கும் நாள் வந்தது. கோபாலன் அதே ஜன்னல் ஓரம் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்துப் பள்ளம் தேடினால்தான் தெரியும். தாடைக் கயிறு மெல்லிய கோடாகிவிட்டது. கழுத்தில் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது. அது இருக்கத்தான் செய்யும்.

முடிவில் நோயாளியிடமே எவ்வளவு தேவலை என்று கேட்டு எழுதிக்கொள்வது மேடத்தின் வழக்கம். கேட்டார். கோபாலன் கண்ணாடியை வாங்கிக்கொள்ளவில்லை.

“முகுந்தா! உள்ள வா. டாக்டர் கேக்கறா. நீ சொல்லு.”

முகுந்தன் கதவருகே வந்து நின்றார். பார்வை தரையில் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மேடம் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். பிறகு முகுந்தன் நிமிர்ந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, அண்ணன் முகத்தைப் பார்த்தார். காதோரத்திலிருந்து கன்னம், தாடை, கழுத்து என்று மெல்ல மெல்ல, ஒரு இடம் விடாமல் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

“நன்னா ஆறிடுத்துண்ணா” என்றார்.

கோபாலன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. மேடம் ‘நன்றாக ஆறிவிட்டது’ என்று நோட்டில் எழுதிக் கீழே தேதியைப் போட்டார்.

“இனிமே அடுப்புக்குப் போகலாமா டாக்டர்?” என்றார் கோபாலன்.

“எதுக்கும் இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் போங்க ஸ்வாமி.”

“அப்போ வர மாசம் என் முறை. டேய், நீ நாயுடுபேட்டைக்குக் கிளம்பு, கம்பெனில கேக்கப் போறா.”

முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கம்பெனிய அப்பவே விட்டாச்சு. வர மாசம் என் முறைதான். அக்காரவடிசல் இப்போதான் நேக்குப் பதம் வந்திருக்கு.”

“உன் அக்காரவடிசலா? அதுல பால் சுண்டறதுக்குள்ள வெல்லத்தைப் போட்டுடறே!”

“ஊர்ல எல்லாரும் நன்னா இருக்குங்கறா.”

“ஊரா நைவேத்தியம் பண்ணிக்கறது?”

இரண்டு பேர் குரலும் ஏறிக்கொண்டே போனது. என் குரலுக்கே போட்டி போல இருந்தது. மேடம் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

“ஸ்வாமி, பாலு, பெல்லம் எல்லாம் வெளிய போய் மாட்லாடுங்க. எனக்கு அடுத்த பேஷண்ட் இருக்காங்க.”

அவர்கள் வழக்காடிக்கொண்டே படியிறங்கினார்கள். ஸ்கூட்டர் கிளம்பும் வரைக்கும் வெல்லம் போடும் நேரம் முடிவாகவில்லை. நான் நாற்காலியைத் துடைத்து, புது உருளைப் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த பெண்ணை முகம் கழுவிக்கொள்ளக் கூப்பிட்டேன்.